வலது கால்

பேஸ் கிட்டார் வாசிப்பவள்
பாடகனைப் பார்ப்பதில்லை,
கூட்டத்தையும் பார்ப்பதில்லை.
இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்தது
ஐனோ ராஸ்கலாவின் வலது காலை.
பழுப்புத் தோல் பூட்ஸ், ஒருபக்கம் தேய்ந்த குதி.
பெடலை மிதிக்கும் முன்
பூட்ஸின் முனை அரை விரற்கடை உயரும்.
அந்த உயர்வில்தான் என் விரல் கிளம்பும்.

இப்போது அந்தக் கால்
மேட்டுமேல் ஆஸ்பத்திரியில், ஆறாம் மாடியில்,
போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.
சாம்பல் நிற சாக்ஸ்.
வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் பொட்டுகள்.
எலும்பு மஜ்ஜையில் வந்த நோய்.
காப்பீட்டுக்காரர்களின் கடிதத்தில்
'வருந்துகிறோம்' மூன்று இடத்தில் இருந்தது.
தொகை ஒரே இடத்தில்.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி கரையோரம் உறைந்து, நடுவில் கறுத்துக் கிடந்தது.
வென்டலின் கராஜில் கூடினோம்.
ஹீட்டர் முனகுவது மைக்கில் விழும் என்று
ஒவ்வொரு டேக்குக்கும் அதை அணைத்தோம்.
நாலு நிமிடப் பாட்டு முடிவதற்குள்
என் சுண்டுவிரல் என்னுடையதில்லை.

ஒன்பது வருடம் பேசாத லோர்ன்
ஆம்பிளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
குழுவை விட்டுப் போனபோது
எங்கள் வேனையும் ஓட்டிக்கொண்டு போனவன்.
வாசலில் நின்று கேட்டான்:
"ஹீட்டர் வேலை செய்யுதா?"
"இப்போதைக்கு" என்றான் வென்டல்.
அவ்வளவுதான் சமாதானம்.

டிரம்ஸுக்கு பாகூ யாங் வந்தாள்.
இருபத்து நாலு வயது. பிசகே கிடையாது.
கடிகாரம் அவளிடம் வந்து மணி கேட்டுக்கொள்ளலாம்.
அதுதான் வம்பு.

கோரஸ் வந்துவிட்டால் ஐனோ அவசரக்குடுக்கை.
பந்தி போடுமுன் கை நனைப்பவன் மாதிரி
ஒரு மயிரிழை முன்னால் விழுவான்.
அவன் பின்னால் நாங்கள் ஓடுவோம்,
மேடை இறங்கியதும் திட்டுவோம்.
இருபத்திரண்டு வருடத் திட்டு.
பாகூ முந்தவில்லை.
பாட்டு, இஸ்திரி போட்ட சட்டைபோல்
யார் உடம்பும் இல்லாமல் நின்றது.

"கொஞ்சம் முந்து" என்றோம்.
முந்திப் பார்த்தாள்.
அளந்து முந்தினாள். அது வேறு.
ஆறாம் மாடிக்கு போன் போட்டு
ஸ்பீக்கரில் கேட்க வைத்தோம்.
நெடுநேரம் ஆக்சிஜன் சத்தம் மட்டும்.
பிறகு:
"யாரு இந்தப் பொண்ணு? நல்லா வாசிக்கிறா.
என் வியாதியை அவளுக்கு ஒட்டவைக்காதீங்க."

பாகூ குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு
கூரையைப் பார்த்தாள்.
லோர்ன் போய் ஹீட்டரைப் போட்டான்.

அடுத்த டேக்கில் யாரும் எதுவும் சொல்லவில்லை.
மூன்றாம் பாட்டு, இரண்டாம் கோரஸ்,
என் விரல் தானாகக் கிளம்பிவிட்டது,
பார்க்க அங்கே கால் இல்லாமலே.
வென்டல் என்னைத் துரத்தினான், லோர்ன் அவனை.
பாகூ ஒருகணம் திகைத்து
எங்களைப் பிடிக்க ஓடிவந்தாள்.

ஏப்ரலில் இசைத்தட்டு வந்தது.
பழைய ப்ளேயரை ஆறாம் மாடிக்குக் கொண்டுபோனேன்.
ஐனோ கண்மூடிக் கேட்டான்.
"இரண்டாம் கோரஸ்ல யாரு அவசரப்படறது?"
நான் தண்ணீர் ஜாடியை நிரப்பப் போனேன்.

நானூற்றுப் பதினேழு பிரதி விற்றது.
அட்டை, தபால், அச்சுக்கூலி போக மிச்சத்தை
மாத்திரை அட்டையின் பின்புறம் வகுத்துப் பார்த்தான்.
பதினோரு நாள் மருந்து.
"முதல் பக்கம் அஞ்சு நாள்,
இரண்டாம் பக்கம் ஆறு" என்றான்.
"இரண்டாம் பக்கம்தான் தேவலைன்னு
நான் அப்பவே சொன்னேன்."

பன்னிரண்டாம் நாளுக்கு
லோர்ன் வேனை விற்கிறான்.
நேற்று ராத்திரி கூப்பிட்டு,
பின்சீட்டில் ஐனோ கொட்டிய காபிக் கறையை
விளம்பரத்தில் எழுதணுமா என்று கேட்டான்.
எழுது என்றேன்.