தொண்ணூற்றேழு கிராம்

பகலெல்லாம் எனக்கு டன் கணக்கு.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
ஆலை வாசல் எடைமேடையில்
ஏறும், மூச்சு விடும், இறங்கும்.
சீட்டைக் கிழித்து
கண்ணாடி ஓட்டை வழியே நீட்டுவேன்.

வெள்ளி இரவில் கிராம் கணக்கு.
பீடோர் பெரிய சாலையில், தைக் செங் டயர் கடை மாடியில்
ஒட்டுப்பலகைத் தடம், நான்கு பள்ளக்கோடு.
ஜன்னலோரம் ஈரம் ஏறி
மூன்றாம் கோட்டில் ஒரு மேடு.
தேய்த்துப் பார்த்தோம். மறுமழைக்கு
மறுபடி எழுந்தது.

இந்தப் பருவம் அமெரிக்கக் கார் மட்டும் என்று முடிவாகிவிட்டது.
காந்தம் கழற்ற வேண்டும்.
ஓட்டுநர் பொம்மை உள்ளே இருக்க வேண்டும்.
மற்றது அவரவர் பாடு.

தர்மசீலன் சார்ஜர் வாங்கினான், ஆரஞ்சு நிறம்.
பெட்டியைத் திறந்ததும் மாடியே அமைதியானது.
அவ்வளவு அழகு.
வளைவில் அதன் வால் வீசி
பக்கத்துக் கோட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு
தரைக்குப் போகிறது.
ரிட்சுவானின் கமாரோ சட்டென்று எழும்,
சட்டென்று கவிழும்.
அவனும் அப்படித்தான், கோபித்துக்கொள்ள மாட்டான்.

என்னிடம் இருநூற்று நாற்பது வெள்ளி.
ஒரே கார்.
ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் பார்த்தேன்:
யார் கார் எந்தக் கோட்டில் விழுகிறது,
விழும்முன் எந்தச் சக்கரம் தூக்குகிறது.
முதல் கோட்டில் மட்டும் பறக்கிற காரை வைத்து
என்ன செய்வது?
நான்கிலும் ஓடியாக வேண்டும்.

கடைசியில் கேலக்ஸி.
அறுபத்து நான்காம் வருட ஃபோர்டு, அகலம், சதுரம்.
"சவப்பெட்டி," என்றான் தர்மசீலன்.
முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டிலில் படுக்கவைத்து
அதன்மேல் நிறுத்தினேன்.
முன் இடது சக்கரம் ஒரு மயிரிழை தொடவில்லை.
வெந்நீர், இரண்டு புத்தகம், ஒரு ராத்திரி.
காலையில் நான்கும் தொட்டன.
வேலைக்குத் தாமதம்.

தூண்டில் கடையில் வலை ஈயம் வாங்கினேன்.
சுத்தியலால் தட்டி, தகடாக்கி,
அடியில் ஒட்டி, நிறுத்து, உரித்து, நகர்த்தி
மறுபடி ஒட்டினேன்.
தொண்ணூற்று மூன்றில் மூக்கு துள்ளியது.
நூற்றிரண்டில் மோட்டார் முனகியது.
தொண்ணூற்றேழில் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சரியான மழை.
மூன்றாம் கோட்டில் மேடு நன்றாக வீங்கியிருந்தது.
சார்ஜர் பறந்தது. கமாரோ பறந்தது.
மஸ்டாங்கை நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.
என் சவப்பெட்டி
ஏறியது, மூச்சு விட்டது, இறங்கியது.

முதலிடம் இல்லை. இரண்டாவது,
அரைச் சுற்றுப் பின்னால்.
தைக் செங் ஜெயித்தான்,
தடம் அவனுடையது, பழக்கம்.

ஒரு விஷயம் யாரும் கவனிக்கவில்லை.
ஓட்டுநர் பொம்மைக்கு மீசை வரைந்திருக்கிறேன்,
ஊசி முனையால், ஏழாம் எண் லோரி மரியதாஸ் மாதிரி.
அவருக்குத் தெரியாது.
திங்கட்கிழமை எடைமேடையில் ஏறுவார்.
சீட்டை வெளிச்சத்தில் பிடித்து
"சரியா நிறுத்தியாம்மா?" என்று
இரண்டு தடவை கேட்பார்.