இரண்டு நேரமும் முகத்தில்

வீடு படுவான்கரை. வேலை எழுவான்கரை.
அதனால் எனக்குக் காலையிலும் முகத்தில் வெயில்,
பின்னேரமும் முகத்தில் வெயில்.
அந்தக் கரையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு
மோட்டார் சைக்கிளில் வரும் ஆசிரியர்களுக்கு
இரண்டு நேரமும் முதுகில்.

காலையில் மண்முனைப் பாலத்தில் கடந்து போகிறோம்.
அவர்களுக்கு நான் தெளிவாகத் தெரிவேன்,
மட்காட்டில் கட்டிய சோத்துப் பெட்டிப் பை வரைக்கும்.
எனக்குத் தெரிவது
ஹெல்மெட் போட்ட சில நிழல்கள்.

மகிழடித்தீவிலிருந்து பதினொரு கிலோமீற்றர் என்பார்கள்.
நான் அப்படி அளப்பதில்லை.
வயல் முடியுமட்டும் ஒரு மூச்சு.
இரவு யானை கடந்த இடத்தில்
லத்தியில் ஆவி பறந்தால்
அடுத்த மூச்சு கொஞ்சம் அவசரம்.
பிறகு பாலம்.
அதை ஏற்றம் என்று சொன்னால் மலைநாட்டார் சிரிப்பார்கள்.
எங்களுக்கு வேறு மேடு ஏது?
பாவாடையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்து
பெடலில் எழுந்து நின்று உழக்குவேன்.
நடுப்பாலம் தாண்டினால் காலை எடுத்துவிடுவேன்.
அந்த இறக்கம்
மனேஜருக்குத் தெரியாமல் நான் எடுக்கும் லீவு.

வைகாசியில் கச்சான் எழும்பும்.
காலையில் முதுகில் கை வைத்துத் தள்ளும்,
நான் வேலைக்குப் பிந்துவதில் அதற்கென்ன கவலையோ.
பின்னேரம் நெஞ்சில் கை வைத்து நிறுத்தும்:
வீட்டில அப்படி என்னகா இருக்கு?
மார்கழியில் வாடை எல்லாவற்றையும் மாற்றிப் போடும்.
அப்போது தெப்பலாய் நனைந்து போய்
ஐஸ் கொம்பனிக் கணக்குப் புத்தகத்தின் முன் குந்தினால்
எந்த வள்ளத்துக்கு எத்தனை கட்டி என்று எழுத
விரல் கேட்காது.

பெற்றோல் இல்லாத அந்த வருசம்
ஊரே சைக்கிளில் ஏறியது.
மனேஜர் மஹ்றூப் கூட,
மகனின் சின்னச் சைக்கிளில்
முழங்கால் ஹாண்டிலில் இடிக்க வந்தார்.
யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும், ஐஸ் அறைக்குள் போய்.
புதுச் சைக்கிளின் விலை என் நாலு மாதச் சம்பளம்.
என் பழைய லுமாலாவை
இரவில் கட்டில் காலோடு பூட்டிப் படுத்தேன்.

ஒரு காலை நடுப்பாலத்தில்
யோகமலர் ரீச்சர் செயின் கழண்டு நின்றார்,
சேலையில் கிறீஸ், கண் கலங்கிப் போய்.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மாட்டிக் கொடுத்தேன்.
ஒரு நிழலுக்கு அன்றுதான் முகம் வந்தது:
கன்னத்தில் மச்சம், மூக்கு நுனியில் வேர்வை.
‘ஒவ்வொரு நாளும் இந்த வெயிலுக்கையா வாறீங்க?’
‘உங்களுக்கு முதுகிலதானே ரீச்சர்.’
அவர் கிறுகிச் சூரியனைப் பார்த்தார்.
கண்ணைச் சுருக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுகா பெற்றோல் வந்தது.
சைக்கிள்கள் கோழிக்கூட்டுப் பக்கம் சாய்ந்தன.
பாலத்தில் திரும்பவும் ஹெல்மெட்டுகள், நிழல்கள்.
அதில் ஒன்று மட்டும் இரண்டு தரம் ஹோண் அடிக்கும்.
அவர்தான் என்று நிச்சயமில்லை.
வெளிச்சத்துக்குள் கையை உயர்த்திவிட்டுப் போவேன்.

இன்று பின்சில்லில் உடைமுள்.
ஆரையம்பதி மட்டும் தள்ளிக்கொண்டு வந்தேன்.
டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி
குமிழி தேடுகிறார் அரசரெத்தினம்.
‘இது ஏழாவது ஒட்டு, மகள்.
டியூபை விட ஒட்டுத்தான் கூட.’
அரைநாள் சம்பளம் போகும்.
புது டியூபுக்கு அடுத்த மாதம் பார்க்கலாம்.
சொலிசன் காயுமட்டும்
அவர் கடைத் தகரத்தின் கீழ் நிற்கிறேன்.
தகரம் படபடக்கிறது.

‘பின்னேரம் காத்து எப்பிடி?’
‘கச்சான். நெஞ்சுக்கு நேரே.’
‘அப்ப ரெண்டு பம் கூட அடிச்சு விடுறன்.’