கடத்துதிறன்

முதலில் வந்தது கண்ணாடி.
பதினைந்து மில்லிமீட்டர் தடிமன், எட்டடி நீளம்.
ஆறு பேர் சுமந்து வந்தார்கள்
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டின் ஒடுங்கிய சந்தில்
பக்கவாட்டில், நண்டுபோல.
மாடி வீட்டு மிசஸ் செட்டி ஜன்னலைத் திறந்து
யாருக்கு என்ன ஆயிற்று என்றாள்.

இல்லை, அதற்கு முன்பே இரும்பு வந்துவிட்டது.
தவநேசன் துறைமுகத்தில் கப்பல் வயிறுகளை ஒட்டவைக்கிறவன்.
மூன்று ஞாயிறு கராஜில் பொறி பறந்தது.
கல், மணல், தண்ணீர்,
எல்லாம் சேர்த்து இரண்டு டன் தாங்க வேண்டும்.
கார் தெருவுக்குப் போயிற்று.

பிறகு குழாய்கள், பசை நாற்றம்.
மேல்தொட்டி வழிந்து கீழே இறங்க ஒன்று,
பம்பு மேலே ஏற்றித்தர ஒன்று,
முதலாவது அடைத்துக்கொண்டால் உதவுவதற்கென்றே
சும்மா நிற்கும் ஒன்று.
அந்த மூன்றாவது குழாயை எனக்குப் புரிந்தது.
நுரை ஊதி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர்
என் ஒரு மாதச் சம்பளம்.

எனக்கு இதில் எதுவும் புதிதில்லை.
சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி
அதிலுள்ளதையெல்லாம் பிடுங்கிவிட்டு
வேண்டியதை மட்டும் அளந்து திரும்பப் போடுவது
இருபது வருடமாக என் பிழைப்பு.
டயாலிசிஸ் வார்டு, நாலாம் நாற்காலி, அப்பல்சாமி,
வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம்.

"உன் மெஷினில் கடத்துதிறன் எத்தனை?"
பதினான்கு.
"என் கடலில் ஐம்பத்து மூன்று" என்றான்,
நான் தோற்றுவிட்ட மாதிரி.

வாளி வாளியாய் உப்பு.
ரசத்துக்குப் பார்ப்பதுபோல் விரலை நக்கிப் பார்த்தான்.
அப்புறம் ஆறு வாரம் கல்லும் தண்ணீரும்தான்.
அமோனியா ஏறி இறங்க,
நைட்ரைட் ஏறி இறங்க,
கண்ணுக்குத் தெரியாதவை குடியேறக் காத்து
மீனில்லாத தொட்டிமுன் நாற்காலி போட்டு
சாப்பிட்டான் தினமும்.

முதல் லோட்ஷெடிங்.
பம்பு நின்றதும் தண்ணீர்
தான் ஏறிய குழாய் வழியே திரும்பி இறங்கி
கீழ்த்தொட்டி நிரம்பி, கராஜ் நிரம்பி,
வெளியே நின்ற காரின் சக்கரத்தைத் தொட்டது.
வீட்டிலிருந்த துண்டெல்லாம் உப்பாயிற்று.
மறுநாள் அந்தக் குழாயில்
நீர்மட்டத்துக்கு ஒரு விரல்கீழே துளை போட்டான்,
காற்று நுழைந்து இழுவையை அறுக்க.
மூன்று மில்லிமீட்டர். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஜூலையில், இரண்டு கோமாளி மீன்களும்
விரல்விரலாய் ஆடும் பச்சைப் பவளமும் வந்து
ஒன்பதாம் நாள் இரவு
பேட்டரியும் கைவிட்டது.
வார்டில் இப்படி ஆனால்
ரத்தப் பம்பின் கைப்பிடியை இழுத்துச் சுற்றுவோம்,
குழாயில் இருப்பது ஒருவருடைய ரத்தம்,
நின்றால் உறையும்.
நான் குடத்தை எடுத்தேன், அவன் செம்பை.
மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம்,
காற்று கலக்கட்டுமென்று,
பேசாமல், ஒரு மணி நேரம்.

குந்தி உட்கார்ந்தவன் கணுக்காலில்
போன் வெளிச்சம் விழுந்தது.
காலுறையின் தடம் பள்ளமாய்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
குழி போகவில்லை.

தொட்டிக்கு வாரம் மூன்று சோதனை,
கால்சியம் நானூற்று இருபதென்று
சுவரில் எழுதிவைத்திருக்கிறாய்.
உன் கிரியேட்டினின் எவ்வளவு?

மொண்டான். ஊற்றினான்.
"கரண்ட் வரட்டும்."

இரண்டரைக்கு வந்தது.
பம்பு இருமி, குமிழி துப்பி, ஓடத் தொடங்கியது.
பவளம் இன்னும் சுருங்கித்தான் இருந்தது.
பையிலிருந்து ரப்பர் பட்டையை எடுத்தேன்.
சட்டைக்கையை மடித்துக்கொண்டே
மஞ்சள் மூடிக் குப்பியைப் பார்த்து
எத்தனை இருந்தால் சரி என்று கேட்டான்.
சொல்லவில்லை.

ஊசி இறங்கியபோது அவன் கண் என்மேல் இல்லை.
ஸ்கிம்மரின் கிண்ணத்தில்
பழுப்பு நுரை மெல்ல எழும்பி
விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது.