நாலு ஆணி

முனீஸ்வரன் கோவில் தெருவில்
சிக்கந்தர் கடையின் பின்கட்டில்
பர்மாத் தேக்குத் தூண்கள் இரண்டுக்கும்
கைப்பிடி போன பீங்கான் தூக்குக்கும் நடுவே
சாத்தி வைத்திருந்தார்கள் அவரை.
மூன்றரை அடி. இடது கையில் புத்தகம்,
வலது கையில் நுனி வளைந்த கோல்,
தலையில் கூம்புத் தொப்பி.
பீடத்தில் இருந்த பெயரைக்
கரையான் வாசித்து முடித்திருந்தது.

"கண்டனூர் வீட்டுச் சரக்கு" என்றார் சிக்கந்தர்.
ரங்கூன் ஏலத்தில் எடுத்ததாம்.
துரைச்சாமி என்று பேர்வைத்து
வெள்ளிக்கு வெள்ளி குங்குமம் இட்டிருக்கிறார்கள்.
மூக்கு உடைந்த பிறகும்
நெற்றியில் சிவப்பு இருந்தது.

தேவகோட்டைப் பக்கத்துப் பங்குச்சாமி,
எஸ்தாக்கி என்று பெயர்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"ஆயர்தான். எந்த ஆயர்னுதான் தெரியல."
எனக்குத் தெரிந்த ஆயர்
மாடு மேய்க்கிறவர் என்றேன்.
"அதேதான். கோல் எதுக்குன்னு நினைச்சீங்க?"
முன்பணம் கொடுத்துப் போனார்.
மூக்கை ஒட்டுவது, மெருகேற்றுவது என் வேலை.

தின்னரில் துணி நனைத்துத் துடைத்தேன்.
ஊதாவுக்குள் பச்சை, பச்சைக்குள் பொன்,
பொன்னுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு முரட்டு அங்கி.
பட்டுக் கரைக்குக் கீழே
செருப்பில்லாத கால்கள். வெடிப்புகூடச் செதுக்கியிருந்தான்.

தொப்பியைத் தட்டினால் வேறு சத்தம்.
உடம்பு ஒரு மரம், தொப்பி இன்னொரு மரம்.
நாலு ஆணி.
உளியை நுழைத்து நெம்பினேன்.
உள்ளே
நடுவில் மழித்து, சுற்றிலும் வளையமாய் முடிவிட்ட தலை.
ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக.
காதுக்கு மேலே ஒரு சின்ன நரம்பு.
மூடப்போகிற தலைக்கு
எந்தக் கொத்தனும் இவ்வளவு பாடுபட மாட்டான்.

போன் போட்டுச் சொன்னேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"இவரான்னு தெரியாது.
எப்பவோ படிச்சது" என்று ஆரம்பித்தார்.

ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தி
குளிர்க் கடலோரம் ஒரு மடம்.
அங்கே பாத்திரம் கழுவுகிற துறவி.
ஆயராக்கணும் என்று அரசன் ஆளனுப்ப
அவர் போய் வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டார்.
மூன்று நாள் தேடினார்கள்.
அலுத்துப்போய் அந்தப் போரிலேயே சாய்ந்து கிடந்தார்கள்.
நடுச்சாமத்தில் மடத்து மணி அடித்தது.
முப்பது வருஷப் பழக்கம்.
வைக்கோல் திருப்பாடலை எடுத்துவிட்டது.

பிடித்துக்கொண்டு போய் முடிசூட்டினார்கள்.
இருபத்திரண்டு வருஷம்
சதுப்பு நிலமெல்லாம் நடந்தே போனார்,
அண்ணன் தம்பி வரப்புச் சண்டையைத் தீர்த்தார்,
மழையில் பிள்ளைகளுக்குப் பெயரிட்டார்.
தவக்காலம் வந்தால் பழைய மடத்துக்கு வந்து
தொப்பியைக் கிணற்றுக் கட்டையில் மாட்டிவிட்டு
அண்டாவைத் தேய்ப்பாராம்.
சமையல்காரத் துறவிக்கு மட்டும் கோபம்:
அடி சரியாகப் போகவில்லை என்று.

சாகும்போது கேட்டது ஒன்றுதான்.
வெறுந்தலையோடு புதையுங்கள்.
சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்புறம்?" என்றேன்.
"அப்புறம் என்ன? அவங்க ஆயரை அவங்க புதைச்சாங்க."

தொப்பியில்லாமல் தரட்டுமா?
ஊரில் ஆயர் வருகிறார் என்று
பந்தக்கால் நட்டாயிற்று என்றார்.
சிக்கந்தருக்கும் தொப்பியோடுதான் விலை.

சனிக்கிழமை ராத்திரி
உச்சியில் விரற்கடை ஆழத்துக்குத் துளையிட்டு
தேக்கில் ஒரு முளை சீவிப் பொருத்தினேன்.
தொப்பி உட்கார்ந்துகொண்டது.
இழுத்தால் வரும்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை,
அவரைத் தவிர.

மூன்று ஆணி வளைந்துவிட்டன.
ஒன்று நேராக இருந்தது.
பட்டறைச் சுவரில் அடித்து
சட்டையை மாட்டுகிறேன்.