பதினோராவது வாரம்

முதல் வாரமே தெரிந்துவிட்டது.
கஸ்தூரியார் வீதி, கேபிள் கந்தோரின் மேல்மாடி,
துஷ்யந்தன் ஒரு தாளை மேசையில் கவிழ்த்து வைத்தான்.
நிமிர்த்திப் பார்த்தேன்: இருநூறு வீட்டில் ஏழு.
ஏழில் இரண்டு, நடித்தவர்களின் வீடு.

'ஒரே ஒழுங்கை' என்று பெயர் வைத்தது நான்தான்.
எல்லாரையும் அதில் குடியிருத்தினேன்:
தையற்கடை சகாப்தீன்,
ஹட்டனிலிருந்து வந்து தங்கிவிட்ட செல்வமேரி,
குருநகர் அமலோற்பவம்,
சக்கர நாற்காலியில் கருணைரூபன்,
பாண் போறணைப் பியதாச,
பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்த மூன்றாம் வீட்டுப் பிள்ளை.
காசு தந்த நிறுவனத்தின் படிவத்தில்
பெட்டிக்கு ஒரு சரி விழுந்தது.

எட்டரைக்கு நாங்கள்.
அதே எட்டரைக்குச் சென்னையில் ஒரு மருமகள்
பாலில் எதையோ கலக்குகிறாள்.
ஐந்து வருடமாய்க் கலக்குகிறாள்.
ஊரே அவளைத் திட்டுகிறது,
திட்டிக்கொண்டே
கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிறது.

பத்தாம் வாரம் கேள்விக்கொத்தோடு வெளிக்கிட்டேன்.
ஸ்கூட்டி, நீலப் பேனை, சித்திரை வெயில்.

ஐந்துசந்தியில் மெய்யான தையற்காரர் ஒருவர்
வாயில் குண்டூசியோடு சொன்னார்:
"உங்கட ஆள் நோன்புக்கு வாறார், பெருநாளுக்கு வாறார்.
மற்ற நாளில எங்க போறார் தங்கச்சி?
எனக்குச் சீட்டுக்காசு கட்ட ஏலாத கிழமையள் இருக்கு.
அவருக்கு இல்லையோ?"

ஆஸ்பத்திரிச் சலவைக்கட்டில் ஒருத்தி,
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி:
"அந்தப் பொண்ணு ஏங்கா எப்பப் பாத்தாலும்
கொழுந்துக் கூடையைப் பத்தியே பேசுது?
நான் கூடையைத் தொட்டதே இல்ல.
எனக்குக் கிரிக்கெட்தான் புடிக்கும்."

இன்னொரு வீடு. ஊர்ப் பெயரை எழுதவில்லை.
கதிரை தந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள்,
படிவத்தை மட்டும் வாங்கவில்லை.
"உவையளை எங்கட ஹோலுக்குள்ள
கொண்டந்து இருத்தச் சொல்லுறியளோ?"
தேத்தண்ணியை நான் குடித்து முடித்தேன்.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

பார்க்க விரும்பாதவர்கள் பார்க்கவில்லை, சரி.
தங்கள் முகத்துக்காகக் காத்திருந்தவர்களும்
சனலை மாற்றியிருந்தார்கள்.
அதுதான் நித்திரையைக் கெடுத்தது.

ஒருவரையும் பொய் சொல்ல விடவில்லை நான்.
கடன் வாங்கி ஒளிக்க,
பக்கத்து வீட்டு ஓட்டோவைப் பார்த்து வயிறெரிய,
பிழையான ஆளில் ஆசைப்பட
ஒருவருக்கும் நேரம் ஒதுக்கவில்லை.
ஒவ்வொரு கடைசிக் காட்சியிலும்
எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.
ஒரு முகத்திலும் பசி இல்லை.
சென்னை மருமகளுக்கு
நஞ்சையாவது கொடுத்திருந்தார்கள்.

ஆனால் சகாப்தீன் அரை யார் துணி எடுத்தால்
அந்தத் தேத்தண்ணி வீடு "பாத்தியளோ" என்னும்.
பியதாச ஒருநாள் கை ஓங்கினால்
ஒழுங்கையில் ஓங்கியது ஒரு பாண்காரனின் கையாக
எத்தனை பேருக்குத் தெரியும்?
இதற்கு என்னிடம் விடை இல்லை.
துஷ்யந்தனிடமும் இல்லை. அவன் வெற்றிலை போட்டான்.

நாவாந்துறையில் மட்டும் மூன்று வீட்டில்
ஒரு காட்சியைச் சொல்லிச் சிரித்தார்கள்.
அமலோற்பவமாய் நடித்தவள் வசனத்தை மறந்து
றால் விலைக்குப் பியதாசவோடு
உண்மையாகவே சண்டைக்குப் போன காட்சி.
நாற்பது செக்கன். வெட்ட மறந்துபோனோம்.
"பேந்து அவள் அந்த விலைக்குக் குடுத்தவளோ?"
என்று கேட்டார்கள்.
எனக்குத் தெரியவில்லை.

பதினோராவது வாரம் நிறுத்தினார்கள்.
எட்டரைக்கு இப்போது நகைக்கடை விளம்பரம்.
அன்றிரவு கருணைரூபன் போன் எடுத்தார்.
பாத்திரத்துக்கும் அவருக்கும் ஒரே பெயர், ஒரே நாற்காலி.
"பத்து வாரமா என்ர டயரில ஒருக்காக் காத்துப் போகேல்லை.
ஏத்தாமல் போன பஸ்சுக்கு ஒரு தூசணம் சொல்லேல்லை.
பன்னிரண்டில நான் ஆரோட சண்டை?"
"நிப்பாட்டியாச்சு அண்ணை."
"அது தெரியும்.
ஆரோட?"