தொண்ணூற்றேழு சதவீதம்

ரொசாரியோவில் ஜனவரி வெயில்.
நோட்டை யாரும் நம்பாத ஊரில்
நோடு ஒன்றை ஓட்டுகிறாள் கிரிசெல்தா,
பூட்டுக்கடையின் பின்னறையில்,
மூடி உடைந்த மடிக்கணினியில்.

பதினொரு நாளாக அது படிக்கிறது,
முதல் பிளாக்கிலிருந்து ஒவ்வொன்றாய்:
யார் யாருக்குக் கொடுத்தார்,
கையெழுத்து சரியா,
கையில் இருந்ததைத்தான் கொடுத்தாரா.

அவளிடம் ஒரு நாணயமும் இல்லை.
"அப்புறம் எதற்கு இந்த வேலை?"
என்கிறான் கூட்டாளி எவரிஸ்தோ.
சாவியை அரத்தில் தேய்த்தபடியே அவள்:
"நான் வெட்டும் சாவிகளின் வீடும்தான்
என்னுடையதில்லை."

கேஷுக்கு இரண்டாயிரம் என்று எழுதிவைத்திருந்தாள்.
பேராசை.
விசிறி இரைந்தது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு.
தெரு முழுக்க மின்சாரம் போயிற்று.
மடிக்கணினியின் பேட்டரியோ
போன வருஷமே செத்திருந்தது.

இரவு பத்தரைக்கு விளக்கு வந்தபோது
திரையில் ஒரே வரி:
தரவு சிதைந்துள்ளது, மறுபடி கட்டவா?
எவரிஸ்தோ அவள் முகத்தைப் பார்க்காமல்
மாத்தேவுக்குத் தண்ணீர் சுடவைத்தான்.

ஆம் என்று அழுத்தினாள்.
பூஜ்யம். ஒன்று. இரண்டு.
கேஷ் இப்போது நானூற்றைம்பது.
மறுநாள் மச்சினனின் லாரி பேட்டரி
மேசைக்கடியில் வந்து உட்கார்ந்தது,
கறுத்த நாயைப் போல.
ரூட்டரில் 8333 மட்டும்
திறந்தே கிடந்தது. யாரும் வரவில்லை.

மார்ச்சில் ஒரு மழைநாள்.
உள்வரும் இணைப்பு: ஒன்று.
எங்கோ யாரோ முதல் பிளாக்கைக் கேட்கிறார்,
அவளைப் போலவே
எதையும் நம்பாமல்.

கடை சாத்தப் போனவள்
ஷட்டரைப் பாதியில் விட்டு வந்து நின்றாள்.
கேட்காமலே கொடுக்கத் தெரிந்த பெட்டியிடம்
"கொடு" என்றாள்.