தூண்டில் வளைவு

அரசாங்கம் வைத்த பெயர் அது.
சந்திரபாடிக்குத் தெற்கே
லாரி லாரியாய்க் கொட்டிய கருங்கல்
கடலுக்குள் முள்போல் வளைந்து கிடக்கும்.
யாரைப் பிடிக்க என்று
நாங்கள் கேட்டதில்லை.

குத்தாலத்தில் பஞ்சர் ஒட்டும் தாவீதுராஜும் நானும்
சனிக்கிழமை ராத்திரி,
அரைக்கிலோ இறால் இரை.
விழுந்தது இரண்டு கெளுத்தி.
கொடுவா இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்றான்.
முள் கல்லிடுக்கில் மாட்டியது.
கழியைச் செருகிவிட்டு
"ஒரே ஒரு கல்லுடா" என்று இறங்கினான்.

அலை பெரிதாகக்கூட இல்லை,
அதைத்தான் போலீஸ் நம்பவில்லை.
வந்தது. பாசியைக் கழுவியது. போனது.
அவன் செருப்பில் ஒன்று மேல்கல்லில்,
காய்ந்தபடி.

விடியலில் ஃபைபர் படகில் தேடிவந்த வைரக்கண்ணுக்கு
என் வயதுதான் இருக்கும்.
"அலை தூக்குனா படகும் கூட ஏறும்.
கல்லு எங்கண்ணே ஏறும்?
நாங்க இதுல நிக்கவே மாட்டோம்."
இன்ஜினை முடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

கழி செருகிய இடத்திலேயே இருந்தது.
முள் எப்போது விடுபட்டதோ,
தங்கூசி வெளிக்கடல் பக்கம் விறைத்து நின்றது.
சுற்றினேன்.
கனமாக வந்தது.
இன்னும் கொஞ்சம் சுற்றினேன்.

பிறகு பல்லால் கடித்து அறுத்தேன்.

கொடுவாவாகத்தான் இருக்கும்.